ஒன்பது முதல் பன்னிரண்டு வரை: பள்ளி விதிகளும் பெற்றோர் செய்ய வேண்டியதும்

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் போட்டு அதே வகுப்பில் உட்கார வைப்பதில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் அந்த முறையைக் கைவிட்டபோதும் மாநில அரசு தன் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. ‘எப்படியும் மேலே போட்டுடுவாங்க’ என்று எட்டு வருடம் இருந்து பழகிய வீட்டுக்கு ஒன்பதாம் வகுப்பு புது உலகம். வருகைக்குக் கணக்கு உண்டு, மதிப்பெண்ணுக்குக் கீழ்வரம்பு உண்டு, பதிவேட்டில் எழுதும் ஒவ்வொரு எழுத்தும் பாஸ்போர்ட் வரைக்கும் கூடவே வரும்.

இது மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் அரசு, அரசு உதவி பெறும், மெட்ரிக் பள்ளி மாணவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதியது. சி.பி.எஸ்.இ. விதிகள் வேறு. டைரியின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் ‘காலை மணி அடிப்பதற்குள் வர வேண்டும்’ வகை விதிகளை எல்லோரும் படிக்கிறார்கள். பிள்ளைகள் மாட்டிக்கொள்வது அந்தப் பக்கத்தில் இல்லாத விஷயங்களில். அவற்றைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

எந்தப் பள்ளி என்று முடிவெடுக்கும் முன்

எட்டு முடித்ததும், அல்லது பத்து முடித்ததும், அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாற்றுவது பல குடும்பங்களில் வழக்கம். மாற்றலாம், தவறில்லை. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. நிபந்தனை: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளியில் இருந்தாலும் தகுதி போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. பெயரில் ‘அரசு’ இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. ஒரு விலக்கு: கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்தவர்கள், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் தகுதி உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், ஒன்பதாம் வகுப்பை எங்கே சேர்ப்பது என்பது கட்டணத்தை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது.

கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்பதே அடிப்படை. இவற்றில் அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களையும் பின்னர் சேர்த்தார்கள். டி.என்.பி.எஸ்.சி. வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீதத்துக்கு இன்னும் கடுமையான நிபந்தனை: 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பதினொன்றில் ‘சும்மா’ ஆங்கில வழிக்கு மாறுவதன் விலை பத்து வருடம் கழித்துத் தெரியும்.

முதல் மாத வேலை: பதிவேட்டைச் சரிபார்த்தல்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புத்தகம், நோட்டு, பஸ் பாஸ் என்று ஓடுவோம். அதோடு வகுப்பாசிரியரிடம் ஒரு பத்து நிமிடம் கேட்டு வாங்கி, எமிஸ் பதிவில், அதாவது பள்ளிக்கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேட்டில், பிள்ளையின் விவரம் என்ன இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். வாயால் கேட்டு ‘எல்லாம் சரியா இருக்கு’ என்ற பதிலோடு திரும்ப வேண்டாம். பார்க்க வேண்டியவை ஐந்து.

முதலாவது பெயர், தமிழிலும் ஆங்கிலத்திலும். கார்த்திகா என்று ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ‘டி’க்குப் பிறகு ‘எச்’ இருக்கிறது. ஆதாரில் ‘எச்’ இல்லை. பள்ளிப் பதிவேட்டில் கடைசி ‘கே’வுக்குப் பதில் ‘ஜி’ இருக்கிறது. தமிழில் எழுதும்போது எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். மதிப்பெண் பட்டியலில் ஏறிய பிறகு வங்கிக்கும், பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும், கல்லூரிச் சேர்க்கைக்கும் இவர்கள் மூன்று வேறு ஆட்கள். பிறப்புச் சான்றிதழில் என்ன எழுத்தோ அதையே ஆதாரிலும் பள்ளியிலும் ஒன்றாக்குங்கள். பிறப்புச் சான்றிதழே தவறு என்றால் அதை முதலில் திருத்திவிட்டு மற்றதற்கு வாருங்கள். வரிசையை மாற்றினால் இரண்டு முறை அலைய வேண்டும்.

இரண்டாவது முதலெழுத்து. தந்தை பெயரா, தாய் பெயரா, இரண்டுமா என்பதைக் குடும்பம் முடிவு செய்யலாம். எது என்றாலும் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கட்டும். தமிழில் பெயர் எழுதும்போது முதலெழுத்தும் தமிழில் இருக்க வேண்டும் என்பது அரசு ஆணை. முருகனின் மகள் ‘மு. கார்த்திகா’தான், ‘எம். கார்த்திகா’ இல்லை.

மூன்றாவது பிறந்த தேதி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறும் தேதிதான் வாழ்நாள் முழுக்க வயதுக்குச் சான்று. அந்தச் சான்றிதழ் வந்த பிறகு தேதியை மாற்றுவது நீதிமன்றம் வரை இழுக்கும் வேலை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பத்தவில்லை என்று அப்போது கூட்டிச் சொன்ன தேதி இன்னும் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்தில் அது சகஜம், இப்போது சிக்கல்.

நான்காவது கைபேசி எண். ஓ.டி.பி., தேர்வு முடிவு குறுஞ்செய்தி எல்லாம் பதிவு செய்த எண்ணுக்குத்தான் போகும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் பதிவில் இருந்தால், அது இன்று வேறு யாரிடமோ இருக்கும்.

ஐந்தாவது ஆதாரும் வங்கிக் கணக்கும். பதினைந்து வயதானதும் கைரேகை, கருவிழிப் பதிவை ஆதாரில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பரபரப்பில் இதை மறந்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து நுழைவுத் தேர்வு வாசலில் விரல் வைத்தால் இயந்திரம் ஏற்காது. உதவித்தொகைக்கு மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும், அது ‘ஆதார் சீடிங்’ ஆகியிருக்க வேண்டும், அதாவது அரசுப் பணம் நேரடியாக வந்து சேரும் கணக்காக ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்த்திருப்பதும் சீடிங் ஆகியிருப்பதும் வேறு வேறு. வங்கிக்குப் போய், ‘நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு சீடிங் பண்ணியிருக்கா?’ என்று இதே வார்த்தையில் கேளுங்கள். விண்ணப்பமும் தேர்ச்சியும் சரியாக இருந்தும் பணம் மட்டும் வராமல் நிற்பதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

வருகைப் பதிவு

பொதுத் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். பள்ளி வேலை நாள் 210 என்று வைத்துக்கொண்டால் 158 நாள் வந்திருக்க வேண்டும். அதாவது கையில் இருப்பது 52 நாள். நிறைய போலத் தெரியும். அம்மை வந்தால் இரண்டு வாரம், ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம், அக்கா கல்யாணத்துக்கு ஒரு வாரம், மழையில் காய்ச்சல், ஒரு எலும்பு முறிவு என்று கூட்டினால் டிசம்பருக்குள் கரைந்துவிடும். காலை, மதியம் என்று இரண்டு முறை வருகை எடுக்கிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். மதியம் வீட்டுக்கு வந்துவிடும் பிள்ளைக்கு அது அரை நாள் விடுப்பு.

விடுப்புக் கடிதம் வாட்ஸ்அப் குரல் செய்தியாக இருந்தால் பிற்பாடு எதற்கும் உதவாது. தாளில் நான்கு வரி போதும்:

‘மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு, 9-ஆம் வகுப்பு ஆ பிரிவில் பயிலும் என் மகன் (பெயர், எமிஸ் எண்) காய்ச்சல் காரணமாக ஜூலை 8 முதல் 11 வரை நான்கு நாட்கள் பள்ளிக்கு வர இயலவில்லை. மருத்துவரின் சீட்டு இணைத்துள்ளேன். அந்நாட்களுக்கு விடுப்பு வழங்கவும். இப்படிக்கு, (பெற்றோர் கையொப்பம், தேதி, கைபேசி எண்).’

மூன்று நாளுக்கு மேல் போனால் மருத்துவச் சீட்டை இணைத்துவிடுங்கள். கடிதத்தைக் கொடுக்கும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருடக் கடைசியில் வருகை குறைந்து பேச்சு வரும்போது பேசுவது இந்தத் தாள்கள்தான்.

தொடர்ந்து பல நாள் தகவல் இல்லாமல் நின்றால் ஆசிரியர் வீட்டுக்கு வருவார், தலைமையாசிரியர் பேசுவார். அதற்கும் பதில் இல்லை என்றால் பெயர் எமிஸில் பொதுத் தொகுப்புக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்கள் பட்டியலுக்குப் போய்விடும். திரும்பச் சேர வழி உண்டு. ஆனால் பொதுத் தேர்வு ஆண்டில் அப்படி ஆனால் அந்த ஆண்டு பெரும்பாலும் போன மாதிரிதான். 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு மட்டும் 50,000 பேருக்கு மேல் வரவில்லை. அதில் பலர் பெயரளவில் மட்டுமே பள்ளியில் இருந்தவர்கள்.

மதிப்பெண்: 35 எடுத்தும் ஃபெயில் ஆவது எப்படி

பெற்றோருக்குச் சரியாகப் போய்ச் சேராத விதி இது. பாஸ் மார்க் 35 என்பது பாதி உண்மை.

பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், 500 மதிப்பெண். அறிவியல் தவிர மற்றதில் 100-க்கு 35 எடுத்தால் போதும். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறையில் குறைந்தது 15, எழுத்தில் குறைந்தது 20, மொத்தம் 35 வேண்டும். செய்முறையில் 25-க்கு 25 வாங்கி, எழுத்தில் 19 எடுத்தால் மொத்தம் 44. அந்த மாணவர் அறிவியலில் தேர்ச்சி பெறவில்லை.

மேல்நிலையில் ஆறு பாடம், 600 மதிப்பெண். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத மொழி, வரலாறு, வணிகவியல் போன்றவற்றில் எழுத்து 90, அகமதிப்பீடு 10. முன்னதில் எழுத்தில் குறைந்தது 15, பின்னதில் 25 எடுத்தே ஆக வேண்டும். தொழிற்கல்விப் பிரிவின் பங்கீடு தனி. இயற்பியலில் செய்முறை 20, அகமதிப்பீடு 10 முழுசாகக் கிடைத்து எழுத்தில் 14 வந்தால், கணக்குக்கு 44, முடிவில் ஃபெயில். ஒரே ஒரு மதிப்பெண். ஆகவே ‘உள் மார்க்கெல்லாம் ஸ்கூல்ல போட்டுடுவாங்க, கவலைப்படாதே’ என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். எழுத்துத் தேர்வின் கீழ்வரம்பை வேறு எந்த மதிப்பெண்ணும் ஈடுகட்டாது.

அந்த அகமதிப்பீட்டுப் பத்து எப்படி வருகிறது? வருகைக்கு 2, பள்ளியில் நடக்கும் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டத்துக்கு 2, பாடம் சாரா செயல்பாடுகளுக்கு 2. வருகையில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இரண்டும் கிடைக்கும். 75-க்கும் 80-க்கும் இடையில் என்றால் ஒன்று. 210 நாளில் 168 நாளைத் தாண்ட வேண்டும் என்ற எல்லையை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். இந்த இரண்டு மதிப்பெண் ஆறு பாடத்திலும் சேர்வதால் உண்மையில் அது பன்னிரண்டு. பொறியியல் கட் ஆஃபுக்காக அரை மதிப்பெண்ணுக்கு மறுமதிப்பீடு போடுகிற வீடுகளிலேயே இது கவனிக்கப்படாமல் போகிறது.

செய்முறை நோட்டை, அதாவது ரெக்கார்டை, ஜனவரிக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதுவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். ஆய்வகத்தில் ஒரு சோதனை முடிந்த வாரமே எழுதி ஆசிரியர் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கையெழுத்து இல்லாத பக்கம் எழுதாத பக்கம்தான். செய்முறைத் தேர்வு பொதுவாகப் பிப்ரவரியில், எழுத்துத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். அன்று வராவிட்டால் அந்த மதிப்பெண் திரும்ப வராது.

பதினொன்றாம் வகுப்பும் குரூப்பும்

பதினொன்றாம் வகுப்புக்கு 2017-18-இல் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். பதினொன்றாம் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் பாடத்தையே ஓட்டிய பள்ளிகளைக் கட்டுப்படுத்துவது அதன் முக்கிய நோக்கம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத் தேர்வு, 2025-26 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரு சுமை குறைந்தது நல்லதுதான். பழைய பழக்கம் சில பள்ளிகளில் தலையெடுக்கும் ஆபத்தும் கூடவே வந்திருக்கிறது. நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பதினொன்றாம் பாடத்திலிருந்து கேள்வி வரும். ஆகஸ்டிலேயே பன்னிரண்டாம் புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள் என்றால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

குரூப் எடுக்கும்போது பிள்ளையின் ஆசையோடு கதவுகளையும் எண்ணிப் பாருங்கள். பொறியியல் கட் ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதம் எடுக்காமல் தாவரவியல், விலங்கியல் எடுத்தவருக்கு அந்தப் பொதுக் கலந்தாய்வின் வாசல் மூடிவிடும். உயிரியல் எடுக்காமல் கணிப்பொறி அறிவியல் எடுத்தவர் அந்தப் பாடங்களை மட்டும் வைத்து நீட் வழியாக மருத்துவத்துக்குப் போக முடியாது. கணிதம்-உயிரியல் இரண்டும் உள்ள குரூப்பில் எல்லாக் கதவும் திறந்திருக்கும், ஆனால் சுமை அதிகம். பத்தில் கணக்குக்குத் திணறிய பிள்ளையை அதில் தள்ளிவிட்டு டியூஷனால் சரிக்கட்டலாம் என்று நினைப்பது பெரும்பாலும் நடக்காது. வணிகவியல் எடுப்பவரை யாரும் ‘மார்க் வரலியா?’ என்று கேட்கத் தேவையில்லை. சி.ஏ. படிப்புக்கு அதுதான் நேர் வழி. குரூப் மாற்ற வேண்டும் என்றால் வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே எழுதிக் கொடுங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு கேட்பது வீண்.

உதவித்தொகைத் தேர்வுகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். எழுதித் தேறியவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். ஒருமுறை தேறினால் தானாக வரும் என்று இருந்துவிடுகிறார்கள். கிராமப்புற ஒன்பதாம் வகுப்பினருக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு. பதினொன்றில், தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கென முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு தனியாக இருக்கிறது. அறிவிப்பு வந்து விண்ணப்பம் மூடுவது சில வாரங்களுக்குள் நடந்துவிடும். தேதியைப் பள்ளி சொல்லும் என்று காத்திராமல் மாதம் ஒருமுறை நீங்களே கேளுங்கள்.

போன், பைக், முடி, கயிறு

பள்ளிக்குள் மாணவர் கைபேசி கொண்டுவரத் தடை. பிடிபட்டால் வாங்கி வைத்துப் பெற்றோரை வரச் சொல்வார்கள். வந்து சத்தம் போடுவதால் பயனில்லை. பேருந்தில் தூரம் வரும் பிள்ளைக்குப் போன் தேவை என்றால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, காலையில் அலுவலகத்தில் கொடுத்து மாலையில் வாங்கும் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள்.

இருசக்கர வாகனத்தில் பெற்றோர் நினைப்பதை விடப் பெரிய ஆபத்து இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் வழக்கு பெற்றோர் மீதும் வண்டி உரிமையாளர் மீதும் வரும்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஓராண்டு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பதினாறு வயதில் உரிமம் பெற்று ஓட்டலாம் என்பது கியர் இல்லாத, 50 சி.சி.க்குட்பட்ட வண்டிக்கு மட்டும். வீட்டில் நிற்கும் 110 சி.சி. ஸ்கூட்டி அதில் சேராது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை மாணவர்களுக்குக் கொடுக்கும் விலையில்லா சைக்கிள் இருக்கவே இருக்கிறது.

முடிவெட்டு விஷயத்தில் ஆசிரியருக்கும் பையனுக்கும் நடக்கும் போர் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குக் கூடவே போய் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழி இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கையில் கட்டும் நிறக் கயிறு அப்படிச் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. எந்த நிறம் எந்தச் சாதி என்று பையன்களுக்குத் தெரியும், பெற்றோருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் நிறக் கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களைப் பள்ளிக்குள் தடுக்கச் சொன்னது. கோயில் கயிறு என்று பெற்றோர் வாதாடினால், அதைப் பள்ளிக்கு வெளியே கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் பதில். கழற்றச் சொல்லும் ஆசிரியரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

பள்ளி தவறு செய்தால்

அடிப்பது சட்டப்படி தடை. தமிழ்நாடு 2003-லேயே உடல் தண்டனையை அனுமதித்த விதியை நீக்கிவிட்டது. முட்டி போட வைப்பது, எல்லோர் முன்னும் அவமானப்படுத்துவதும் இதில் சேரும். ‘நல்லா அடிச்சு வளருங்க சார்’ என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வரும் அப்பாக்கள், தங்களுக்கு இல்லாத அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கிறார்கள்.

புகார் சொல்ல வரிசை இருக்கிறது: வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிகளுக்கென மாவட்டக் கல்வி அலுவலர் தனியாக உண்டு. எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் ஒருவர்தான் தலைவர். கழிப்பறையில் தண்ணீர் இல்லை, ஆசிரியர் பணியிடம் காலி என்ற வகைக் குறைகளை அங்கே தீர்மானமாக எழுத வைப்பது தனியாகப் போய்க் கேட்பதை விட வலுவானது.

பாலியல் சீண்டல் என்றால் மேலே சொன்ன வரிசை எதுவும் வேண்டாம். நேராகக் காவல் நிலையம், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. போக்சோ சட்டப்படி, தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதே குற்றம். அது தலைமையாசிரியருக்கும் பொருந்தும். ‘பொண்ணு பேரு கெட்டுடும், நாமளே பேசி முடிச்சுக்கலாம்’ என்று யாராவது உட்கார வைத்துப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவதும் சட்டப்படி குற்றம். நியாயம் கேட்கிற கோபத்தில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

கட்டணம்: தனியார் பள்ளி எவ்வளவு வாங்கலாம் என்பதை 2009 சட்டத்தின்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. கட்டும் தொகைக்குத் தலைப்பு வாரியாக ரசீது வாங்குங்கள். கட்டண பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்கவோ, பாக்கி இருப்பதை அதில் எழுதவோ கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கியை வசூலிக்கப் பள்ளிக்கு வேறு சட்ட வழி உண்டு. பாக்கி தள்ளுபடி ஆகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை.

பொதுத் தேர்வு: பெயர்ப்பட்டியல் முதல் தேர்வறை வரை

பொதுத் தேர்வு எழுதுவோர் பட்டியலை, பள்ளி வழக்கில் சொன்னால் நாமினல் ரோலை, எமிஸ் விவரத்திலிருந்து தயாரிப்பார்கள். அச்செடுத்து மாணவரிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து கேட்பார்கள். அந்த ஒரு தாளைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பி, அது பள்ளி வாசலில் தோழியின் முதுகில் வைத்துக் கையெழுத்தாகித் திரும்பும் வீடுகள் அதிகம். நீங்கள் நேரில் போங்கள். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள்: தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி, படம், பாடத் தொகுதி, பயிற்று மொழி. இப்போது திருத்துவது சில நிமிட வேலை. மதிப்பெண் பட்டியல் வந்த பிறகு அதே வேலை மாதக் கணக்கு. மாற்றுத்திறனாளி மாணவருக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளும் முன்கூட்டியே மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

தேர்வு நாளில் பத்து மணிக்கு வினாத்தாள். பத்து நிமிடம் படிக்க, ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பில் விவரங்களைச் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத வேண்டும். முகப்புத் தாளில் படம், பெயர், பாடம் அச்சிட்டே வரும். தன்னுடையதுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது மாணவர் பொறுப்பு. நீலம் அல்லது கறுப்பு மை மட்டும். தலைப்பை வண்ணப் பேனாவால் அலங்கரித்தால் மதிப்பெண் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு விதி, பல மாணவருக்குத் தெரியாதது. தேர்வு சரியாக எழுதவில்லை என்ற விரக்தியில், எழுதிய விடை அனைத்தையும் தானே குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு வருவது. ஃபெயிலானால் அடுத்த முறை நன்றாக எழுதலாம் என்ற கணக்கு. அது ஒழுங்கீனம் என்ற கணக்கில் வரும். முடிவை நிறுத்திவைத்து, அடுத்த இரண்டு பருவம் தேர்வெழுத விட மாட்டார்கள். ஒரு விடை தவறு என்றால் அந்த விடையை மட்டும் அடிக்கலாம். பிட்டு, போன் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அணைத்து வைத்த போன் பையில் இருந்தாலும் போன்தான்.

முடிவு வந்த பிறகு

மதிப்பெண் குறைவாகத் தோன்றினால் பன்னிரண்டாம் வகுப்பினருக்கு மூன்று வழி: விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு. மறுமதிப்பீடு கேட்க முதலில் நகல் வாங்கியிருக்க வேண்டும். விண்ணப்பிக்கச் சில நாட்களே தருவார்கள், அதனால் முடிவு வந்த அன்றே பாடங்களைத் தீர்மானியுங்கள். நகல் கைக்கு வந்ததும் பாட ஆசிரியரிடம் காட்டி, எந்தக் கேள்விக்கு எத்தனை கிடைக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று மதிப்பெண்ணாவது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். மறுமதிப்பீட்டில் குறையவும் செய்யும். தேர்ச்சி பெறாதவர்களுக்கு ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு உண்டு. அதில் தேறினால் அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம், ஆண்டு வீணாகாது.

முதலில் கிடைப்பது தற்காலிக மதிப்பெண் சான்றிதழ். சேர்க்கைக்கு அது செல்லும். சாதிச் சான்றிதழும், தேவைப்படுவோருக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழும் ஏப்ரலிலேயே இ-சேவையில் விண்ணப்பித்துக் கையில் இருக்கட்டும்; மே மாதம் அங்கே நிற்க இடம் இருக்காது. வருமானச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும், போன வருடத்தது உதவாது. மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது கவுன்ட்டரை விட்டு நகரும் முன் பெயர், பிறந்த தேதி, மொழிவழி மூன்றையும் மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அரசுப் பள்ளி மாணவர் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றையும், தமிழ்வழிக் கல்விச் சான்றையும் அன்றே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு வரை வேறு பள்ளி என்றால் அங்கேயும் போய் வாங்க வேண்டும்.

அசல் மதிப்பெண் பட்டியல் வந்ததும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ சான்றொப்பம் வாங்கப் போனால் பின்பக்கம் முத்திரை குத்தத் தாள் வேண்டும். லேமினேஷனைப் பிரிக்கப் போய் எழுத்து உரிந்து, இரண்டாம்படி கேட்டு மறுபடி அதே பள்ளி வாசலில் நிற்க நேரும்.